மூலம் என்று யார் பார்த்துச் சொன்னார்கள்?

நூல்களுக்கு விமரிசனம் எழுதுகிறோம். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் எழுதுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில் மிகப் பலர் படிக்கும் மருத்துவ எழுத்தை மட்டும் யாரும் விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. காரணம், அது பத்திரிகையில் வருவதில்லை, சுவரில் ஒட்டப்படுகிறது. "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லை, வலி இல்லை" என்ற இரண்டு மூன்று வரிகளும் ஒரு தொலைபேசி எண்ணுமே அதன் உள்ளடக்கம். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள பொம்மிடி போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ காத்திருப்பவர் கண்ணில் படும் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் இந்த எழுத்து இருக்கும். படிக்க விரும்பாதவரும் படித்துவிடுவார். தேவை வரும்போது அது நினைவுக்கு வரும்.

இன்னொரு எழுத்து கைப்பேசியில் வருகிறது, நாளிதழிலும் வருகிறது. "இளைஞர்களைத் தாக்கும் குடல் புற்றுநோய்" என்பது போன்ற தலைப்பு அதற்கு இருக்கும். அமெரிக்காவில் இத்தனை பேர், ஐரோப்பாவில் இத்தனை பேர் என்று எண்கள் வரும். இறுதியில் பரோட்டா, பிராய்லர் கோழி, குளிர்பானம் ஆகியவற்றின் மேல் பழி விழும்.

முதல் எழுத்து "பயப்படாதே, மூலம்தான்" என்கிறது. இரண்டாவது எழுத்து "பயப்படு, புற்றுநோய் பரவுகிறது" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் முப்பது வயதுக்காரர் ஒருவர் நிற்கிறார். இரண்டு மாதமாக வெளிக்குப் போகும்போது அவருக்கு இரத்தம் வருகிறது. வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இந்த இரண்டு எழுத்துகளும் அவருக்கு என்ன செய்கின்றன? அந்தக் கேள்வியைக் கொண்டே இவற்றை மதிப்பிட வேண்டும்.

செய்தியில் உள்ள உண்மை

கைப்பேசிச் செய்தியை முதலில் பார்ப்போம். அதை வெறும் புரளி என்று ஒதுக்கிவிட முடியாது. பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோய் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் நோய் என்றே நெடுங்காலம் மருத்துவ நூல்கள் கூறிவந்தன. இன்றும் நோயாளிகளில் மிகுதியானோர் முதியவர்களே. ஆனால் பல நாடுகளில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரு விசித்திரம் நிகழ்கிறது. முதியவர்களிடம் இந்த நோய் குறைகிறது, இளையவர்களிடம் கூடுகிறது.

2017-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிறந்த ஆண்டை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வயதில் இருந்த அபாயத்தை, 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு அதே வயதில் உள்ள அபாயத்தோடு ஒப்பிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோயில் அது இரு மடங்காகவும், மலக்குடல் புற்றுநோயில் நான்கு மடங்காகவும் இருந்தது. இதன் விளைவாக, நோய்க் குறி இல்லாதவர்களும் சோதனை செய்துகொள்ள வேண்டிய வயதை அந்நாட்டில் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். புற்றுநோய்ச் சங்கம் 2018-லும், அரசு சார்ந்த நிபுணர் குழு 2021-லும் இதை அறிவித்தன. இடையில் 2020 ஆகஸ்டில் 'பிளாக் பாந்தர்' படத்தின் கதாநாயகர் சாட்விக் போஸ்மன் இந்த நோயால் 43 வயதில் இறந்தார். உலகம் முழுவதும் இளைஞர்களிடையே இந்த நோயின் பெயர் பரவியதற்கு அந்த மரணம் ஒரு காரணம்.

2024 டிசம்பரில் 'லான்செட் ஆங்காலஜி' என்ற மருத்துவ ஏட்டில் 50 நாடுகளைப் பற்றிய ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவற்றில் 27 நாடுகளில் 25 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடம் இந்நோய் கூடிவருகிறது என்று அது கண்டது. ஆகவே செய்தியின் அடிப்படை பொய்யல்ல.

செய்தி சறுக்கும் இடம்

அடுத்த வரியில்தான் கோளாறு. "இந்தியாவில் நிலைமை இன்னும் மோசம், இங்கே நோயாளிகளில் பெரும் பகுதியினர் இளைஞர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட ஒரு கணக்கில் 800 நோயாளிகளின் சராசரி வயது சுமார் 47. மேல்நாடுகளில் சராசரி அறுபதைத் தாண்டுகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், நம் இளைஞர்களுக்கே அபாயம் அதிகம் என்று தோன்றும். இந்தத் தோற்றம் எப்படி உண்டாகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

இரண்டு கற்பனை நாடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் மக்கள்தொகை 10 லட்சம். முதல் நாட்டில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் 8 லட்சம், கூடியவர்கள் 2 லட்சம். ஆண்டுக்கு, இளையவர்களில் லட்சத்துக்கு 4 பேருக்கும் முதியவர்களில் லட்சத்துக்கு 20 பேருக்கும் நோய் வருவதாக வைத்துக்கொள்வோம். இளையோர் 32, முதியோர் 40. மொத்தம் 72 நோயாளிகள். இவர்களில் நூற்றுக்கு 44 பேர் இளையவர்கள்!

இரண்டாம் நாட்டில் இளையோர் 5 லட்சம், முதியோர் 5 லட்சம். இளையவர்களில் லட்சத்துக்கு 15, முதியவர்களில் லட்சத்துக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். இளையோர் 75, முதியோர் 500, மொத்தம் 575. இவர்களில் இளையவர்கள் நூற்றுக்கு 13 பேரே.

மருத்துவமனை வாசலில் நின்று பார்ப்பவருக்கு முதல் நாடுதான் இளைஞர்களுக்கு ஆபத்தான நாடாகத் தெரியும். உண்மையில் ஒவ்வோர் இளைஞனுக்கும் உள்ள அபாயம் இரண்டாம் நாட்டில்தான் ஏறக்குறைய நான்கு மடங்கு. பங்கு வேறு, வீதம் வேறு. நோயாளிகளில் எத்தனை பேர் இளைஞர்கள் என்பது பங்கு. இளைஞர்களில் எத்தனை பேர் நோயாளிகள் என்பது வீதம். இந்தியர்களில் பாதிப்பேர் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள். எனவே இங்கே எந்த நோயை எடுத்தாலும் நோயாளிகளின் சராசரி வயது இறங்கித்தான் இருக்கும்.

வீதத்தை அறிய மருத்துவமனைக் குறிப்பேடு போதாது. ஒரு குறிப்பிட்ட பகுதியில் வாழும் அத்தனை மக்களிடமும் உண்டாகும் நோய்களைத் தேடிப் பதியும் பதிவேடு வேண்டும். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் 1981 முதல் அப்படி ஒரு பதிவேட்டை நடத்திவருகிறது. 2012-இல் தொடங்கிய திட்டத்தால் அந்தப் பணி மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இத்தகைய பதிவேடுகளை வைத்துத்தான் 50 நாடுகளின் ஒப்பீடும் செய்யப்பட்டது. அதில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, தென்கொரியா ஆகிய நாடுகளில் 25 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடம் வீதம் லட்சத்துக்கு 14 முதல் 17 வரை. இந்தியாவில் ஏறக்குறைய 4. பட்டியலில் மிகக் குறைந்த இடங்களில் ஒன்று நம்முடையது.

அப்படியானால் கவலையை விட்டுவிடலாமா? கூடாது. வீதம் குறைவு என்பது நாட்டுக்கு ஆறுதல். நோய் வந்துவிட்ட ஒருவருக்கு அதனால் பயனில்லை. பங்கைப் பற்றிய எண்ணும் வீணல்ல. அது யாருக்குப் பயன்படும் என்பதுதான் கேள்வி. அது டாக்டருக்குப் பயன்படும். தம்மிடம் வரும் இந்த நோயாளிகளில் கணிசமானவர்கள் ஐம்பதுக்குக் கீழே இருப்பார்கள் என்பதால், "இந்த வயதில் அந்த நோய் இராது" என்று அவர் ஒதுக்கிவிடக் கூடாது. செய்தி எழுதுபவர்கள் இந்தப் பயனைச் சொல்வதில்லை. எல்லாரையும் பயமுறுத்திவிட்டு, பரோட்டாவோடு முடித்துவிடுகிறார்கள்.

பழி போடுவதிலும் நிதானம் வேண்டும். பதப்படுத்திய இறைச்சி இந்நோய்க்குக் காரணமாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் முடிவு செய்தது. மது, புகை, உடல் பருமன், உழைப்பில்லாத வாழ்க்கை ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. நார்ச்சத்து மிகுந்த உணவு ஓரளவு காக்கிறது. ஆனால் இளையோரிடம் மட்டும் ஏன் கூடுகிறது என்பதற்கு இவை முழு விடையாகவில்லை. 2025-இல் 11 நாடுகளிலிருந்து திரட்டிய 981 கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள் ஒரு புதிய தடயத்தைக் கண்டார்கள். குடலில் வாழும் சிலவகை பாக்டீரியாக்கள் சுரக்கும் 'கோலிபாக்டின்' என்ற நச்சு, மரபணுவில் ஒரு தனி வடுவை விட்டுச் செல்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்களின் கட்டிகளைவிட, நாற்பதுக்குக் குறைந்தவர்களின் கட்டிகளில் அந்த வடு மூன்று மடங்குக்கு மேல் மிகுதியாக இருந்தது. சிறு வயதிலேயே அந்தப் பாதிப்பு நிகழ்ந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். இது தடயம்தான், தீர்ப்பு அல்ல.

ஆகவே "நான் பரோட்டா தொடுவதே இல்லை, எனக்கு வராது" என்று ஒருவர் நினைத்தால், அந்த நினைப்பை ஊட்டிய பொறுப்பு செய்தி எழுதியவருக்கு உண்டு. கேழ்வரகுக் களி தின்று, வயலில் உழைக்கும் மனிதருக்கும் இந்த நோய் வரலாம். வாய்ப்புக் குறைவு, அவ்வளவே.

சுவரொட்டியின் ஊகம்

இனிச் சுவரொட்டிக்கு வருவோம். விமரிசனம் என்றால் நல்லதையும் சொல்ல வேண்டும். இந்த எழுத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வார்த்தையை அது நடுத்தெருவில் உரக்கச் சொல்கிறது. ஆசனவாயைப் பற்றிப் பேச நம்மவர்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பதை மருத்துவமனைகளைவிடச் சுவரொட்டி எழுதுபவர் நன்றாக அறிந்திருக்கிறார். "கத்தி இல்லை, படுக்கை இல்லை, உடனே வீடு திரும்பலாம்" என்று நோயாளியின் அச்சங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொல்கிறார். அரசின் சுகாதாரச் சுவரெழுத்துகளில் டெங்கு உண்டு, காசநோய் உண்டு, நீரிழிவு உண்டு. மலத்தில் இரத்தம் வந்தால் என்ன செய்வது என்ற வரியைக் காண்பது அரிது. வெற்றிடத்தைச் சுவரொட்டி நிரப்புகிறது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரொட்டியின் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இளம் வயதில் ஆசனவாயில் இரத்தம் வருபவர்களில் மிகப் பலருக்கு இருப்பது மூலம் அல்லது ஆசனவாய் வெடிப்பு. மூலம் என்பது ஆசனவாயின் உட்புறம் இயல்பாகவே உள்ள இரத்தக்குழாய் மெத்தைகள் புடைத்து இறங்குவதாகும். மலச்சிக்கலும் முக்கலும் அதை வளர்க்கின்றன. பளிச்சென்ற சிவப்பு இரத்தம் சொட்டும், வலி இராது. உயிருக்கு ஆபத்தில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது? பெரும்பாலும் சரியாக இருக்கும் ஊகத்தைப் போல ஏமாற்றுவது வேறில்லை. நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேருக்குப் பொருந்தும் பெயரை நூறு பேருக்கும் சூட்டிவிடலாம். யாரும் தவறு என்று சொல்ல வரமாட்டார்கள். தவறாகப் பெயர் சூட்டப்பட்ட இரண்டு பேருக்கும் அது தவறு என்று தெரிய ஓராண்டு ஆகும். அதற்குள் அவர்கள் வேறு வைத்தியரிடம் போயிருப்பார்கள். சுவரொட்டி ஒட்டியவருக்குத் தம் தவறு தெரியவே வழியில்லை. (இந்த எண்கள் கணக்குக்காகச் சொன்னவை, நியாயம் எந்த எண்ணுக்கும் ஒன்றே.)

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி அரை அடி. அங்கே உண்டாகும் புற்றும் இரத்தம் கசியும். அந்த இரத்தமும் சிவப்பாகவே இருக்கலாம். தொடக்கத்தில் அதற்கும் வலி இராது. நிறத்தை வைத்தும் வலியை வைத்தும் நோயாளியே பிரித்தறிய முடியாது. தவிரவும், ஒருவருக்கு மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே புற்றும் இருக்கலாம். முதலாவதைக் கண்டு இரண்டாவதைத் தேடாமல் விட்டுவிடுவதும் நேரும்.

நம் பழைய வைத்தியர்கள் இந்த விஷயத்தில் இன்றைய சுவரொட்டியைவிட எச்சரிக்கையானவர்கள். யூகி முனிவர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல் மூலநோயை 21 வகையாகப் பிரிக்கிறது. அவர்களிடம் உள்நோக்கும் கருவியோ நுண்ணோக்கியோ இல்லை. ஆயினும், ஒரே வாசலில் வெளிப்படும் நோய்களெல்லாம் ஒரே நோயல்ல என்ற தெளிவு இருந்தது. 'மூலம்' அன்று ஒரு குடும்பப் பெயராக இருந்தது. சுவரொட்டி அதை ஒற்றை ஆளாக்கி, ஒற்றை மருந்தும் கொடுத்துவிட்டது.

சட்டத்தில் ஒரு சந்து

இப்படி விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருகிறதா என்று வாசகர்கள் கேட்கலாம். மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954-இல் வந்தது. எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை பட்டியல் இடுகிறது. புற்றுநோய் அதில் உண்டு, கட்டிகளும் உண்டு. மூலம் இல்லை. மருந்து மற்றும் அழகுப் பொருள் விதிகளின் 'ஜே' அட்டவணையில் மூலமும் பௌத்திரமும் இடம் பெறுகின்றன. ஆனால் அது மருந்து என்ன சாதிப்பதாகச் சொல்லலாம் என்பதைப் பற்றியது. சுவரொட்டியோ மருந்தின் பெயரையே சொல்வதில்லை. "சிகிச்சை" என்று மட்டும் சொல்கிறது.

1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் நல்லது. புற்றுநோய் உள்ளவரைப் போலி விளம்பரத்திலிருந்து காப்பாற்ற அது விரும்புகிறது. ஆனால் தமக்குப் புற்றுநோய் என்று அறிந்தவரை மட்டுமே அதனால் காக்க முடியும். இங்கே நாம் பேசும் மனிதருக்குத் தம் நோயின் பெயர் தெரியாது. அவர் புற்றுநோய் விளம்பரத்தைத் தேடிப் போகப் போவதில்லை. மூல விளம்பரத்தைத்தான் தேடிப் போவார். சட்டம் பூட்டியிருக்கும் வாசல் வேறு, அவர் நுழையும் வாசல் வேறு.

சொல்லப்படாத வரி

மூன்றாவதாக ஓர் எழுத்து உண்டு. அதில் குற்றம், எழுதியதில் அல்ல, எழுதாமல் விட்டதில். 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் புற்றுநோய்களை முன்கூட்டிக் கண்டறிய ஒரு வழிமுறை வகுத்தது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும் என்றது. குடல் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல், பழைய தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்து 2004-இல் தனியான கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் தேடி ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. அங்கேயும் குடலைப் பற்றிய கேள்விக்கு முக்கிய இடம் இல்லை.

இதைக் கண்டு "எல்லா இளைஞருக்கும் குடல் சோதனை செய்" என்று கோரிக்கை வைப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஆண்டுக்கு லட்சத்துக்கு 4 பேர் என்றால், 25,000 பேரைச் சோதித்தால் ஒருவர் அகப்படுவார். மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. அது நூற்றுக்கு ஐந்து பேரிடம் வீணாக மணி அடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒருவருக்காக 1,250 பேரின் குடலுக்குள் கருவி செலுத்திப் பார்க்க வேண்டிவரும். அந்தக் கருவிகளும் அவற்றைக் கையாளும் டாக்டர்களும் மாவட்டத் தலைநகரங்களிலேயே போதுமான அளவில் இல்லை. ஆகவே மத்திய அரசு குடலைப் பட்டியலில் சேர்க்காததற்கு நியாயம் உண்டு.

ஆனால் இரண்டு காரியங்களைப் போட்டுக் குழப்பக் கூடாது. நோய்க் குறி இல்லாதவரைத் தேடிப் போய்ச் சோதிப்பது ஒன்று. நோய்க் குறியோடு தானே வந்து நிற்பவரைச் சரியாகப் பார்ப்பது வேறொன்று. முதலாவதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கையுறையும் ஐந்து நிமிட நேரமும் ஒரு திரைச்சீலையும் போதும். மலக்குடலின் கீழ்ப்பகுதியை டாக்டரின் விரலே எட்டித் தொட்டுவிடும். டாட்டா மருத்துவமனையின் அந்தக் கணக்கில் மலக்குடலே மிகப் பெரிய பங்கு வகித்தது. அதாவது நம் நாட்டு நோயாளிகளில் கணிசமானவர்களின் கட்டி, விரலுக்கு எட்டும் தூரத்திலோ சிறு குழாய்க் கருவிக்கு எட்டும் தூரத்திலோ இருக்கிறது. அந்தச் சோதனையைச் செய்யாமல் களிம்பு எழுதிக் கொடுப்பவர் சுவரொட்டி வைத்தியராக இருந்தால் என்ன, பட்டம் பெற்ற டாக்டராக இருந்தால் என்ன? இருவரும் செய்வது ஒரே ஊகம்தான்.

2023-இல் அமெரிக்காவில் ஐம்பதுக்குக் குறைந்த 5,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு முன்பே நான்கு குறிகள் தென்பட்டிருந்தன. தொடர்ந்த வயிற்றுவலி, ஆசனவாயில் இரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் உண்டாகும் இரத்தசோகை என்பனவே அவை. இவற்றில் கடைசிக் குறியை நம் ஊரில் எவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பெண் என்றால் மாதவிலக்கு என்கிறோம். ஆண் என்றால் சத்துக்குறைவு என்கிறோம். இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம். மாத்திரை கொடுப்பது சரி. இரத்தம் எங்கே போயிற்று என்று கேட்காமல் கொடுப்பது தவறு. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

காலம்தான் இங்கே எல்லாம். இந்தப் புற்று பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு மொட்டுப் போலத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. மொட்டாக இருக்கும்போது கண்டால், கருவியின் முனையாலேயே எடுத்துவிடலாம். குடலைவிட்டு வெளியேறாத நிலையில் கண்டால், அமெரிக்கக் கணக்கின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய பின் கண்டால், அந்த எண் பதினைந்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. களிம்பிலும் லேகியத்திலும் கழியும் ஓராண்டு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கழிகிறது.

திருத்திய பிரதி

விமரிசகன் குறை சொன்னால் மட்டும் போதாது. எப்படி எழுதியிருக்கலாம் என்றும் காட்ட வேண்டும். பொம்மிடியின் சுவரில் ஒட்டத்தக்க ஒரு திருத்திய பிரதி இதோ:

வெளிக்குப் போகும்போது இரத்தம் வருகிறதா? அது மூலமாக இருக்கலாம். ஆனால் பார்க்காமல் யாரும் பெயர் வைக்கக் கூடாது. ஒரு முறை வந்து நின்றுவிட்டால் பதற வேண்டாம். திரும்பத் திரும்ப வந்தாலோ, இரண்டு மூன்று வாரம் நீடித்தாலோ, எந்த வயதானாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வழக்கமாகப் போகும் முறை மாறிவிட்டதா? போயும் போகாதது போன்ற உணர்வு இருக்கிறதா? சளி கலந்து போகிறதா? காரணமின்றி உடல் மெலிகிறதா? இவற்றையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு காரியங்களைக் கேட்டுப் பெறுங்கள்: ஒன்று விரல் சோதனை, இன்னொன்று இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு. சந்தேகம் இருந்தால், பஸ் ஏறித் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ரயில் ஏறிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கோ செல்லுங்கள். குடல் உள்நோக்கிச் சோதனையான கொலோனாஸ்கோபி தேவையா என்று அங்கே முடிவு செய்வார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் வந்திருந்தால், நோய்க் குறி இல்லாவிட்டாலும் நாற்பது வயதில் சோதனை செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முந்திய வயது அதைவிடக் குறைவானால் அப்போதே செய்துகொள்ளுங்கள்.

இந்தப் பிரதி சற்று நீளமானது. கவர்ச்சியும் குறைவு. "ஆபரேஷன் இல்லை" என்ற உறுதிமொழி இதில் இல்லை. சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்பதே உண்மை. தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக ஒரு கேள்வியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடலாம். நம்மிடமோ நம் வீட்டாரிடமோ யாராவது "மூலம்தான்" என்று சொல்லும்போது, அந்தக் கேள்வியை மரியாதையாகத் திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்தால் போதும்: "ஐயா, பார்த்துச் சொல்கிறீர்களா, பார்க்காமல் சொல்கிறீர்களா?"